கலர் கலரா ரிசல்ட் வருது... அது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அரக்கோணத்தில் காலை ரயிலில் ஏறி ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் அதிர்ஷ்டசாலி. சென்ட்ரல் வரை கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். திருத்தணி, நகரி பக்கமிருந்து வருகிற பசங்களும் இங்கேதான் சேர்ந்துகொள்வார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் பை, கையில் போன். போனில் ஓடுவது ரீல்ஸ்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டிப் பார்த்தால், ஒரு இரும்பு பிராக்கெட் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஜொலித்துக்கொண்டிருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக வீடியோ பார்த்து மென்பொருள் கற்றுக்கொள்கிற கூட்டம் அது.

நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவரா? மெக்கானிக்கலோ, சிவிலோ, ஏரோவோ, எதுவாக இருந்தாலும் சரி. இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். ப்ராஜெக்ட் வைவா. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார். கலர் படம் வந்ததும் நிறுத்துகிறார்.

"நல்லா இருக்கே தம்பி. இதை எங்க ஃபிக்ஸ் பண்ணீங்க?"

"சார்... இந்த ரெண்டு ஹோல்ல சார்."

"நிஜத்துல அங்க போல்ட்தானே வரும்? போல்ட் கொஞ்சம்கூட அசையாதா?"

அமைதி.

"சரி, இந்தச் சிவப்பு இடத்துல 412 மெகா பாஸ்கல்னு போட்டிருக்கீங்க. அது 412தான், 200 இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"சார்... சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வந்துச்சு."

அந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

கருவிக்குப் பஞ்சமில்லை

ஒரு காலத்தில் இந்த மென்பொருள்கள் பணக்காரக் கல்லூரிகளின் லேபில்தான் இருக்கும். மற்றவர்களுக்குப் பென் டிரைவில் கைமாறும் 'கிராக்' வெர்ஷன்தான் கதி. இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வழியாகக் கல்லூரிக்குள்ளேயே திறன் படிப்புகள் வந்துவிட்டன. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆன்சிஸுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. மாடலை எத்தனை துண்டாக வெட்டலாம் என்பதற்கு மட்டும் அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். எதுவுமே வேண்டாம் என்றால் ஃப்ரீகேட் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய அந்தத் திறமூல மென்பொருள், 2024 நவம்பரில்தான் தன் 1.0 பதிப்பை எட்டியது. 22 வருஷப் பொறுமை! இதற்கெல்லாம் அரியர் வைத்தவர்கள்தான் ஆறுதல் சொல்ல முடியும்.

இன்னொரு பக்கம், சிமுலேஷன் தொழில் எவ்வளவு பெரிசு என்பதற்கு ஒரு கணக்கு. சிப் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் சினாப்சிஸ் நிறுவனம், ஆன்சிஸை சுமார் 35 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக 2024 ஜனவரியில் அறிவித்து, 2025 ஜூலையில் வாங்கியும் முடித்துவிட்டது. கார், விமானம், செல்போன் சிப் என எதைச் செய்வதற்கு முன்பும் கம்ப்யூட்டரில் ஒருமுறை உடைத்துப் பார்த்துவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விலை.

அப்படியென்றால் 30 நாள் கோர்ஸ், ஒரு சர்டிஃபிகேட், வேலை ரெடி என்றுதானே அர்த்தம்? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டும் ஃபீஸில் பெரும்பாலான இடங்களில் சொல்லித்தருவது, எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்பதைத்தான். பொத்தான்களின் வரிசையை ஏ.ஐ. எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரியும். வருகிற விடையை நம்பலாமா, கூடாதா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மரியாதை. என் கணிப்பு அதுதான்.

சாஃப்ட்வேர் உள்ளே என்னதான் செய்கிறது?

பேர் பெரிசு: ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ். விஷயம் எளிது. வளைந்து நெளிந்த ஒரு பொருளில் எங்கே எவ்வளவு அழுத்தம் என்று ஒரே சமன்பாட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் இப்படித்தான் வளையும் என்று எளிமையாக ஓர் அனுமானம். பிறகு பக்கத்துத் துண்டோடு சேர்த்து ஒட்டி, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். இந்த வெட்டும் வலைக்குத்தான் 'மெஷ்' என்று பேர். 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பேரை 1960-ல் வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப். பிறகு 1960-களின் கடைசியில் நாசா தன் வேலைக்காக நாஸ்ட்ரான் என்ற மென்பொருளை எழுதவைத்தது. உங்கள் லேப்டாப்பில் ஓடுவது அந்த வம்சத்து வாரிசு.

கவனிக்க வேண்டியது 'அனுமானம்' என்ற சொல். துண்டு எப்படி வளையும் என்பது அனுமானம். எங்கே பிடித்திருக்கிறது, எவ்வளவு பாரம், என்ன உலோகம் என்பதெல்லாம் நீங்கள் கொடுத்தது. மென்பொருள் அதையெல்லாம் கேள்வி கேட்காது. ரப்பரை இரும்பு என்று சொன்னாலும் 'சரிங்க' என்று தலையாட்டிவிட்டு அழகாகக் கலர் அடித்துக் கொடுத்துவிடும்.

பத்து நிமிஷம், ஒரு ஸ்டீல் ஸ்கேல்

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, மளிகைக்கடை 50 கிராம் எடைக்கல் ஒன்று. ஸ்கேலில் 200 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேஜை விளிம்பில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சுவர் இருந்தால் நுனி இருக்கும் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். இப்போது நுனியில் எடைக்கல்லை வையுங்கள். எவ்வளவு இறங்கியது?

கணக்கு இப்படி. ஸ்கேலின் அகலம் 25 மி.மீ., தடிமன் 1 மி.மீ. இரும்பின் யங் மாடுலஸ் 2 லட்சம் மெகா பாஸ்கல். இரண்டாம் வருஷத்தில் படித்த கான்டிலீவர் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? பாரத்தை நீளத்தின் கனத்தால் பெருக்கி, மூன்று மடங்கு யங் மாடுலஸாலும் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவாலும் வகுக்க வேண்டும். விடை சுமார் 3.1 மி.மீ.

நீங்கள் அளந்தது 3.1 வருமா? அநேகமாக வராது. உங்கள் ஸ்கேலின் தடிமன் 1 மி.மீ.க்குப் பதில் 0.9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடிமனும் கனத்தில்தான் கணக்கில் வருகிறது. எனவே இறக்கம் 4.3 மி.மீ. ஆகிவிடும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு மி.மீ. தப்பு, விடையில் 37 சதவீதம் தப்பு! இது தவிர, உங்கள் கை பிடிக்கும் பிடி முழு இறுக்கம் கிடையாது. ஸ்கேல் மேஜை விளிம்பில் லேசாகத் தூக்கும். அதனாலும் நுனி இன்னும் கொஞ்சம் இறங்கும். வைவாவில் எக்ஸாமினர் போல்ட் அசையாதா என்று கேட்டது இதைத்தான்.

இப்போது அதே ஸ்கேலை மென்பொருளில் வரையுங்கள். தடிமனுக்கு ஒரே ஒரு அடுக்கு, அதுவும் எளிய நாலுமுகத் துண்டுகளாகக் கரடுமுரடாக வெட்டினால், இறக்கம் 3.1-ஐவிட ரொம்பக் குறைவாக வரும். அந்த வகைத் துண்டுக்கு வளையவே தெரியாது. விறைப்பாக நின்றுவிடும். மெஷ்ஷைப் பொடியாக்கினால், அல்லது நடுப்புள்ளி உள்ள உயர்வகைத் துண்டுக்கு மாற்றினால், விடை மெல்ல மெல்ல 3.1-ஐ நோக்கி வரும். இந்த நகர்வைப் பார்ப்பதற்குத்தான் 'மெஷ் கன்வர்ஜன்ஸ்' என்கிறார்கள். மூன்று மெஷ், மூன்று விடை, ஒரு சின்ன கிராஃப். அவ்வளவுதான் வேலை. ஆனால் எத்தனை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அந்த கிராஃப் இருக்கிறது?

ஒரு குறும்பும் உண்டு. எல் வடிவ பிராக்கெட்டின் உள்மூலை கூர்மையாக இருந்தால், மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்கேயும் நிற்காது. கணிதப்படி அந்தக் கூர்முனையில் அழுத்தத்துக்கு முடிவே இல்லை. நிஜப் பொருளில் அப்படிக் கூர்மையான மூலை இருக்காது, சின்ன வளைவாவது இருக்கும். அந்த வளைவை வரையாமல் விட்டதால் வந்த சிவப்பைப் பார்த்து, "டிசைன் ஃபெயில்" என்று முடிவெழுதிய ரிப்போர்ட்டுகளும் இருக்கின்றன. மேலே வைவாவில் வந்த 412-கூட அந்த ஜாதிதானோ என்னவோ.

இரும்பு, ரப்பர், காற்று: மூணும் ஊரிலேயே இருக்கு

இந்தப் பாடத்துக்கு சென்னை வரை போகவே வேண்டாம். அரக்கோணத்தைச் சுற்றிப் பாருங்கள். தெற்கு ரயில்வேயின் இன்ஜினீயரிங் வொர்க்‌ஷாப் இங்கேதான். தண்டவாளம் பிரியும் இடத்தில் வைக்கிற பாயின்ட்ஸ் அண்ட் கிராஸிங்கும், பாலத்துக்கான கர்டர்களும் அதன் வேலை. இரும்பு நமக்குச் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. இரண்டு மடங்கு பாரம் வைத்தால் இரண்டு மடங்கு வளையும், ஓர் எல்லை வரை. ஸ்கேல் கணக்கு அங்கே செல்லும். ஆனால் ஒரே இடத்தில் லட்சக்கணக்கான தடவை சக்கரம் ஏறி இறங்கினால், உடைக்கும் அளவு பாரம் இல்லாமலேயே விரிசல் விடும். 'ஸ்டாட்டிக்' பொத்தானை மட்டும் அமுக்கியவருக்கு அந்தக் களைப்பு தெரியவே தெரியாது.

அடுத்தது இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை. ரப்பரின் கதை தலைகீழ். இழுக்க இழுக்க அதன் விறைப்பு மாறிக்கொண்டே போகும். அதற்கு ஒற்றை யங் மாடுலஸ் எண்ணைக் கொடுப்பது, ஒரு மனுஷனின் குணத்தை ஒரே வார்த்தையில் சொல்வது மாதிரி. மெல்வின் மூனி என்பவர் 1940-ல் இதற்கென்றே ஒரு கணித மாதிரி எழுதினார். பிறகு ரிவ்லின் அதை விரித்தார். மென்பொருள் மெனுவில் 'மூனி-ரிவ்லின்' என்று பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான். அதற்கு எண்கள் கொடுக்க வேண்டுமென்றால், அதே ரப்பரை யாராவது இழுத்துச் சோதித்த தரவு வேண்டும். மெனுவில் 'ரப்பர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதாது. உங்கள் பைக்கின் செயின் கவர் புஷ்ஷும் டயரும் ஒரே ரப்பர் இல்லையே!

மூன்றாவது, தலைக்கு மேலே. 1992-ல் தொடங்கிய கடற்படை விமானதளம் ஐ.என்.எஸ். ராஜாளி. 2013 முதல் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் இங்கிருந்துதான் பறக்கின்றன. அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பசங்களில் பலருக்கு ட்ரோன், இறக்கை என்று ப்ராஜெக்ட் செய்ய ஆசை. காற்று ஓட்டத்தைக் கணிக்கும் சி.எஃப்.டி. படங்கள் இன்னும் அழகு, இன்னும் ஆபத்து. ஆனால் இதில் ஓர் இலவசப் பரிசோதனை இருக்கிறது. என்.ஏ.சி.ஏ. 0012 என்ற இறக்கை வடிவம் மேலும் கீழும் ஒரே மாதிரி, சமச்சீர். நேராக, 0 டிகிரியில் காற்று வந்தால் தூக்குவிசை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லையென்றால், உங்கள் மெஷ்ஷிலோ எல்லை நிபந்தனையிலோ கோளாறு. சரியாக வந்தால், அந்த இறக்கைக்குப் பல பத்தாண்டுகளாக விண்ட் டன்னலில் எடுத்த அளவுகள் புத்தகங்களில் இருக்கின்றன. 4 டிகிரி, 8 டிகிரிக்கு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் சொந்த இறக்கைக்கு வாருங்கள். நேரடியாகச் சொந்த இறக்கையில் ஆரம்பித்தால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு மேடை முழுகிய கதை

"காலேஜ் ப்ராஜெக்ட்தானே, எதுக்கு இவ்வளவு பில்டப்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1991 ஆகஸ்ட் 23-க்குப் போவோம்.

நார்வே. வடகடலில் எண்ணெய் வளத்துக்காக ஸ்லைப்னர்-ஏ என்ற பிரம்மாண்ட கான்கிரீட் அடித்தளத்தைக் கட்டி, கரையோரக் கடல்கழியில் மெல்ல நீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரிசையாக கான்கிரீட் அறைகள். மூன்று அறைச் சுவர்கள் சேருகிற முக்கோண இடத்தில் ஒரு சுவர் வெடித்தது. தண்ணீர் உள்ளே பாய, பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. மொத்தமும் மூழ்கி, அடியில் மோதி நொறுங்கியது. ரிக்டர் அளவில் 3 என்று நிலநடுக்கக் கருவிகள் பதிவு செய்தன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மொத்த இழப்பு சுமார் 700 மில்லியன் டாலர்.

விசாரணையில் தெரிந்தது என்ன? பயன்படுத்தியது நாஸ்ட்ரான், நாசா வழிவந்த அதே மென்பொருள். மென்பொருளில் கோளாறு இல்லை. அந்த முக்கோண இடத்தில் மெஷ் கரடுமுரடு, துண்டுகளின் வடிவம் கோணல். அதனால் வெட்டுவிசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. அதை நம்பிச் சுவரை மெல்லியதாகக் கட்டினார்கள், கம்பியும் போதவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். கணக்குப் போட முடியாத விஷயம் இல்லை. யாரும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அனுபவசாலி இன்ஜினீயர்களே தப்பிய இடம் அது. அவர்களும் ஒரு காலத்தில் உங்களை மாதிரி ப்ராஜெக்ட் செய்தவர்கள்தான்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு, நல்ல விதமாக. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பல் போக மேலே எழும் 72.5 மீட்டர் பகுதி இருக்கிறது அல்லவா? அதை வடிவமைத்தது டிப்சா என்ற சர்வதேச ஆலோசனை நிறுவனம். அந்த வடிவமைப்பைச் சென்னை ஐ.ஐ.டி. தனியாகச் சரிபார்த்தது. அதற்கு மேல் மும்பை ஐ.ஐ.டி.யும் பார்த்தது. இதற்கு 'ப்ரூஃப் செக்' என்று பேர். முதலில் போட்டவர் கெட்டிக்காரர் இல்லை என்பதால் அல்ல. ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

இதை உங்கள் டீமில் செய்ய எவ்வளவு செலவு ஆகும்? ஒரு டீயும் சமோசாவும். நான்கு பேர் டீமில் ஒருவர் மாடல் ஓட்டினால், இன்னொருவர் அதைப் பார்க்காமல் கையால் கணக்குப் போடட்டும். 10 சதவீதத்துக்குள் பொருந்தினால் சந்தோஷம். பத்து மடங்கு வித்தியாசம் வந்தால், முதலில் மி.மீ.க்கும் மீட்டருக்கும் நடுவே ஏதாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதித் தப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கோர்ஸில் சேரலாமா, வேண்டாமா?

சேர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்க எல்லோராலும் முடியாது. ஒரு இடம், ஒரு நேரம், பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆள் என்பதெல்லாம் பெரிய உதவி. ஆனால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வர்ற ரிசல்ட்டை எப்படி செக் பண்றதுன்னு சொல்லித்தருவீங்களா?" எதிரில் இருப்பவர் முழித்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

அடிப்படைக்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ஃபைனைட் எலிமென்ட் வகுப்புகள் இருக்கின்றன. பார்க்கக் காசில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் பல திறமூல மென்பொருள்களுக்கான பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. சிவில் பசங்களுக்கு அதே ஐ.ஐ.டி. உருவாக்கிய ஆஸ்டாக், இந்திய ஸ்டீல் விதிகளின்படி இணைப்புகளை வடிவமைத்துக் கொடுக்கும். லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம்தான் என்று கவலைப்படாதீர்கள். சமச்சீரான பொருளைப் பாதியாக, காலாக வெட்டி ஓட்டுங்கள். தகட்டைத் திடப்பொருளாக வரையாமல் 'ஷெல்' ஆக வரையுங்கள். மெஷின் சின்னதாக இருந்தால் மூளைக்கு வேலை கூடும், அது ஒருவிதத்தில் நல்லதுதான்.

ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குபவர்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மாடல், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் பேக்கேஜாகக் கிடைக்கிறது, ஊருக்கே தெரியும். டிகிரி வந்துவிடும், மறுக்கவில்லை. சிக்கல் ஆறு மாதம் கழித்து, இன்டர்வியூவில். "உங்க ப்ராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான் அங்கே பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். மெஷ் ஏன் இந்த அளவு என்று மூன்றாவது கேள்வி வரும்போது, ரிப்போர்ட் விற்றவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

ரேஸ் கார் டீமில் இருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் மொத்தம் 1,000 மதிப்பெண்ணில் 150, டிசைனை நடுவர்கள் முன் நியாயப்படுத்துவதற்கே போகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கும்போது போய்ப் பாருங்கள். கலர் படத்தை நீட்டினால் நடுவர்கள் அசர மாட்டார்கள். "இதை ட்ராக்ல அளந்தீங்களா?" என்பார்கள்.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சேருங்கள். அதில் ஒரு சின்ன அட்டவணை, மூன்று கட்டம். கையால் போட்ட விடை, மென்பொருள் கொடுத்த விடை, அளந்து பார்த்த விடை. முழு பிராக்கெட்டையும் அளக்க வசதியில்லையென்றால், அந்த ஸ்டீல் ஸ்கேலையாவது அளந்து போடுங்கள். மூன்றும் பொருந்தவில்லையா? அழிக்காதீர்கள், ஏன் என்று கீழே நாலு வரி எழுதுங்கள். எக்ஸாமினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படிக்கப்போவது அந்த நாலு வரியைத்தான்.